ஒற்றைக்கைத் தளபதியும் ஒரு கடைவாய்ப் பல்லும்

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். டாக்டர் பல்லைக் குடையும்போது, எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் வாயில் பிடித்துக்கொள்வது அவள் வேலை. சம்பளமில்லாத வேலை இன்னொன்று உண்டு. தான் வீட்டில் ஆடும் வீடியோ கேமின் கதையை, வாய் பிளந்து படுத்திருப்பவர்களுக்குச் சொல்வாள். குறுக்கே பேச முடியாத ரசிகர்கள் வேறு யாருக்குக் கிடைப்பார்கள்?

கதாநாயகி ஒற்றைக்கைத் தளபதி. தம்பியைக் கொன்ற சேனாதிபதியைத் தேடி, ஆவியாகக் கூடவே சுற்றும் அந்தத் தம்பியோடு மலை மலையாக அலைபவள். சிரிக்க மாட்டாள், மன்னிக்க மாட்டாள். குழாயக்காவுக்கு அவள் என்றால் உயிர். வீட்டுக்காரரின் பிறந்தநாள் மறந்துபோகும். தளபதியின் வாளை அடித்த கொல்லன் யாரென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவளுடைய பரம ரசிகர் லாரிக்கார அண்ணன். மலை மாதிரி ஆள். ஊசியைப் பார்த்தால் மட்டும் அந்த மலைக்குக் கால் முளைத்துவிடும். போன தடவை வாயில் குழாயோடு வாசல்வரை ஓடியவர். இன்று தாடை பூசணிக்காயாய் வீங்கி வந்திருந்தார்.

டாக்டர் அவள் காதருகே சொன்னார்: "இன்னைக்கும் ஓடினார்னா, இனிமே இந்த ரூம்ல கதையே கிடையாது."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்ததும் சாயாததுமாகக் கேட்டார்: "தங்கச்சி, புதுப் பாகம் வந்துடுச்சாமே. அவனைத் தீர்த்துட்டாளா?"

 குழாயக்கா அந்தப் புதுப் பாகத்துக்காகத் தவம் கிடந்து, முந்தின நாள்தான் ஆடி முடித்திருந்தாள். 'அவன் தலையை வெட்டிட்டா' என்று ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்தது. தளபதி விஷயத்தில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"அவன் வந்து ஸாரி சொன்னான்ணே."

"சொல்லி?"

"இவ சரின்னுட்டா."

"எத்தனை ஸாரி?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் மழைச் சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு."

அண்ணன் திகைப்பில் வாயைப் பிளந்தார். டாக்டர் விடுவாரா? ஊசியை இறக்கிவிட்டார். அண்ணனுக்கு அது கொசு கடித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"அப்புறம் ரெண்டு பேருமாச் சேர்ந்து பூந்தோட்டம் போட்டாங்கண்ணே. நான் ஊர் ஊராப் போய் விதை பொறுக்கினேன். மன்னிக்க வேணாம்னா சொல்றேன்? தாராளமா மன்னிக்கட்டும். ஆனா ஏன் மன்னிச்சா? ஒரு நாள் அழுதாளா, அவன் மேல ஒரு சொம்பையாவது விட்டெறிஞ்சாளா? ஒண்ணும் கிடையாது. முந்தாநாள் வரைக்கும் புலி, இன்னைக்கு மல்லிச்செடிக்குத் தண்ணி ஊத்துறா."

தாடை மரத்துப்போன அண்ணன், வாய்க்குள் இடுக்கியோடு, "ஆங்... ஊஊங்..." என்று கர்ஜித்தார். கதை எழுதியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார் என்பது அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"அதையேதாண்ணே நானும் கேட்டேன்."

கோபத்தில் அவர் கழுத்தை வெட்டிய வெட்டில், டாக்டர் பாதி இழுத்திருந்த பல், மீதித் தூரம் தானாகவே வந்துவிட்டது.

"அவ்வளவுதான், எழுந்திருங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் அசையவில்லை. பஞ்சைக் கடித்தபடியே டாக்டரைக் கையமர்த்தினார். "இருங்க சார். செத்த தம்பி ஆவியா சுத்திக்கிட்டிருந்தானே, அவன்கூடவா அவளை ஒண்ணும் கேக்கல?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். வெளியே காத்திருந்த கூட்டத்தை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதானே. ஆவி எங்க போச்சு?"

"எங்கயும் போகல டாக்டர்," என்றாள் குழாயக்கா. "அவன்தான் அந்தத் தோட்டத்துக்கு வாட்ச்மேன்."