அறுபத்து நான்காவது விடைத்தாள்

என் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஒரு பழுப்பு உறை இருந்தது. அதன் மேல் சிவப்புப் பென்சிலில் நான் எழுதிய இரண்டு எண்கள்: 63, அதற்குக் கீழே 64. இதற்கிடையில் மூன்று முறை வீடு மாறியிருக்கிறேன். கிள்ளானில் இரண்டு முறை, கடைசியாக பிரிக்பீல்ட்ஸுக்கு. ஒவ்வொரு முறையும் லோரிக்காரர்கள் ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை பெட்டிகளை எண்ணினேன். அந்த உறையை மட்டும் லோரியில் விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். என்னவென்று மனைவி கேட்டபோது, "ஆபீஸ் விஷயம்" என்று சொன்னேன். அவள் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். தேர்வு முடிந்ததும் மண்டபத்திலிருந்து விடைத்தாள் கட்டுகள் என் மேசைக்கு வரும். வருகைச் சீட்டுகளை எண்ண வேண்டும், விடைத்தாள்களை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு முறை எண்ணுவார்கள். நான் மூன்று முறை எண்ணுவேன், மூன்றாவது முறை அடியிலிருந்து மேலாக. இருபத்தொன்பது ஆண்டுகளில் என் கையைக் கடந்த எந்தக் கட்டிலும் ஒரு தாள் குறைந்ததில்லை. கூடியது ஒரே ஒரு முறைதான்.

அது தாவரவியல் விரிவுரையாளரின் கட்டு. அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், தகப்பனார் காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகக் குடும்பம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முழங்கால் வரை சேறு. மாணவர்களை அழைத்துக்கொண்டு கிள்ளான் பக்கத்துச் சதுப்பு நிலக் காடுகளில் இறங்கிவிட்டு, அதே காலோடு அலுவலகத்துக்கு வருவார். கூட்டுகிற அம்மா அவருக்குப் பின்னாலேயே துடைப்பத்துடன் போவார். என் மேசையைத் தாண்டும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எண்ணி முடிஞ்சுதோ?" கேலி செய்கிறாரா, உண்மையாகவே விசாரிக்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. சிரித்த முகத்துடன் கேள்வி கேட்கிறவர்களை நான் அப்போதும் நம்பியதில்லை.

அந்த ஆண்டு இறுதித் தேர்வுக்கு அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கட்டில் அறுபத்து நான்கு விடைத்தாள்கள் இருந்தன. மூன்று முறை எண்ணினேன், பிறகு நான்காவது முறையும். கூடுதலான தாளின் முகப்பில் தேர்வு எண் இல்லை. உள்ளே விரிவுரையாளரின் கையெழுத்து. வினாத்தாள்களில் அவர் போடும் திருத்தங்களை எத்தனையோ முறை பார்த்தவன் நான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. மொத்தம் பதினொரு பக்கங்கள். முதல் விடையின் ஓரத்தில் பென்சிலால் 31 என்று எழுதியிருந்தது, இரண்டாவதின் ஓரத்தில் 44. மூன்றாவது விடை பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. ஒரு கேள்விக்கு இருபது மதிப்பெண்தான், ஆகவே அவை மதிப்பெண்களாக இருக்க முடியாது. தேர்வு எண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். யாருக்கோ பதிலாக எழுதி, தாளை மாற்றி வைக்கப் பார்த்திருக்கிறார், அதற்குள் ஏதோ தடங்கல் வந்துவிட்டது என்று எனக்குள் எல்லாம் பொருந்திப்போயிற்று. பொருந்தியதும் ஒரு மகிழ்ச்சி வந்ததே, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, சவரம் செய்திருக்கவில்லை. "தம்பி, என்ரை தாள் ஒண்டு அந்தக் கட்டுக்குள்ளை வந்திட்டுதோ?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "இல்லை சார், அறுபத்து மூணு, கணக்குச் சரியா இருக்கு" என்றேன். உறை என் மேசை இழுப்பறையில் இருந்தது. வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய்க் கணக்கு அது. "அப்ப மண்டபத்திலைதான் விட்டிட்டன் போலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேடலையே குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். 31, 44 ஆகிய எண்களுக்கு உரியவர்களின் விடைத்தாள்களையும் பார்ப்பது நல்லது என்று கடைசியில் சேர்த்தேன். ரகசியம் என்று பொருள்படும் 'சுலிட்' முத்திரை குத்தப்பட்டு அது விரிவுரையாளரின் கோப்புக்குள் போயிற்று. விசாரணை வரும், அதுவரை தாளை வைத்திரு என்றார்கள். வரவே இல்லை. அந்த ஆண்டு அவருக்குப் பேராசிரியர் பதவி வருவதாகப் பேச்சு இருந்தது, அதுவும் வரவில்லை. ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில் விரிவுரையாளராகவே ஓய்வுபெற்று, சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திவிட்டு இறந்துபோனார்.

சென்ற மாதம் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். தான் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்றும், பெயர் பெற்ற முன்னாள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் பற்றி ஒரு நூல் தயாராகிறது என்றும் சொன்னார். இப்போதெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், முடிவில் வங்கி எண்ணைக் கேட்பார்கள். துண்டித்துவிட்டேன். நான்கு முறை அழைத்தார், நான்கு முறையும் துண்டித்தேன். ஐந்தாவது முறை வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். இரும்புக் கதவைத் திறக்காமல் அடையாள அட்டையைக் கேட்டேன். கம்பி வழியாக நீட்டினார்.

"இன்னும் ஏதாச்சும் வேணுமா அங்கிள்? கைரேகை?"

ஐம்பத்தாறு வயது அம்மாளுக்கு அந்தக் குறும்பு. உள்ளே விட்டேன்.

வந்த விஷயம் அந்த விரிவுரையாளர்தான். ஆசிரியர்களில் பேராசிரியராக இருந்தவர்களை மட்டுமே நூலில் சேர்க்கிறார்கள். அந்தப் பதவி இல்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால், அவரிடம் படித்த ஒருவரும் உடன் வேலை செய்த ஒருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். படித்தவர்கள் பலர் எழுதிவிட்டார்கள்.

"கூட வேலை செஞ்சவங்கள்ல தேடிப் பார்த்ததுல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். இந்த வாரத்தோட பட்டியலை மூடுறாங்க, அங்கிள். அப்புறம் அவர் பேரு எங்கேயும் இருக்காது லா."

அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். இந்தப் பெண்மணியிடமும் ஏதாவது மறைவாக இருக்குமோ என்ற எண்ணத்தில்தான் கேட்டேன்.

"எங்க பரீட்சையை அவரும் எழுதுவாரு. தெரியாதா? கடைசி வரிசையில உக்காந்து எங்களோட சேர்ந்து எழுதுவாரு. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு ஓரத்துல குறிச்சுக்குவாரு. அவருக்கே நேரம் பத்தலைன்னா, கேள்வி மேலதான் தப்பு, பிள்ளைங்க மேல இல்லைன்னு தாராளமா மார்க் போடுவாரு. எங்க கடைசிப் பரீட்சை அன்னைக்குப் பாதியில எழுந்து ஓடினாரு பாவம், அவர் மனைவியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு ஆள் வந்துச்சு. தாளெல்லாம் மேசை மேலேயே கிடந்துச்சு. மத்ததோட சேர்த்து வாரிட்டுப் போயிட்டாங்க."

அறுபத்து மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு பழக்கம் அது. மண்டபத்துக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்க்காமல், வெளியே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

"அந்த வருஷம் என் ரிசல்ட் மட்டும் மூணு வாரம் தள்ளிப் போச்சு. என்னோடதும் இன்னொரு பையனோடதும். அம்மா கோயில் கோயிலா அலைஞ்சாங்க. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

"உங்க நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"நாப்பத்து நாலு. ஏன் அங்கிள்?"

"சும்மாதான்."

அவர் போன பிறகு உறையை எடுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தத் தாளின் பக்கங்களை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன், படித்ததில்லை. முதல் விடைக்கு முப்பத்தொரு நிமிடம், இரண்டாவதற்கு நாற்பத்து நான்கு. மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விகள் என்றால் ஒன்றுக்கு முப்பத்தாறுதான் வரும். அந்த இரண்டாவது கேள்வி நீளம். கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது விடை சதுப்பு நிலத்து மரங்களைப் பற்றியது. அவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவிட எழுந்து வருகின்றன என்று எழுதியிருந்தார், அதற்குக் காரணம் என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார். அதோடு நின்றிருந்தது.

பிறகு உட்கார்ந்து மூன்று பக்கங்கள் எழுதினேன். கூடிய தாளை, சொன்ன பொய்யை, குறிப்பை, இரண்டு எண்களை, எதையும் விடவில்லை. கூரியர்காரர்களை நம்புவதற்கில்லை. மூன்றாம் நாள் ரயிலேறி, பிறகு பஸ் மாறி நானே போனேன். அந்தப் பெண்மணியின் அறை பல்கலைக்கழகத்தில் இரண்டாம் மாடியில், முப்பத்தெட்டுப் படிகள். பழுப்பு உறையை மேசை மேல் வைத்து, என் கடிதம் மூன்று பக்கம், விடைத்தாள் பதினொரு பக்கம், மொத்தம் பதினான்கு, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் சிவப்புப் பென்சில் எண்களைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டுபோன ரசீதில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"முதல்ல எண்ணிப் பாருங்கம்மா" என்றேன்.

"நீங்க எண்ணியிருப்பீங்கல்ல அங்கிள்" என்றார். "அப்புறம் நான் எதுக்கு?"