சிவப்பு மட்டும் போதும் என்ற ஜியா லால்

எங்கள் மலையில் ஆப்பிள் பறித்து முடித்த பிறகு, பனி விழுவதற்கு முன்னால் ஒரு மாதம் வரும். அந்த மாதத்தில் உண்மை பேசுகிற ஆளைப் பார்ப்பது குதிரைக் கொம்பு. நர்சரியில் கன்றுக்குச் சொல்லி வைக்கிற மாதம் அது. "இந்த வருஷம் என்ன ரகம் வைக்கப் போறே?" என்று கேட்டால், சீமையிலிருந்து வந்த புது ரகத்துக்கு அன்று காலையில்தான் முன்பணம் கட்டிவிட்டு வந்தவன்கூட, "எங்கப்பா, அதே பழைய ராயல்தான். நமக்கு வேறென்ன?" என்று கொட்டாவி விடுவான். கேட்டவன் அதை நம்ப மாட்டான். பதிலுக்குத் தானும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான்.

கோட்காய் ஊருக்கு மேலே தரோட் கிராமத்து ஜியா லால் ரான்டா இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் ஊரார் என்ன வைக்கிறார்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஓர் ஆள் என்ன வைக்கப் போகிறான் என்பதுதான். அந்த ஆள் அவருடைய சித்தப்பா மகன் ஹீரா சந்த். இவரைவிட எட்டு மாதம் இளையவன்.

பொறாமை எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. பொறாமைப்படாதவன் என்று யாராவது சொன்னால் அவன் சட்டைப் பையைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். ஆனால் ஜியா லாலுடையது நாள் தவறாமல் தண்ணீர் விட்டு வளர்த்த பங்காளிக் காய்ச்சல். இரண்டு பேருடைய அப்பாக்களும் மலைச்சரிவை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு, நடுவில் கல்சுவர் ஒன்றை எழுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து காலை வெயில் ஹீராவின் பக்கம்தான் முதலில் விழுகிறது என்பது ஜியா லாலின் கட்சி. ஆலங்கட்டி மழை இவர் பக்கம் பெய்து சுவரோடு நின்றுவிடுகிறது என்பார். உண்மையில் அது இரண்டு பக்கமும்தான் பெய்தது. ஹீரா ஜீப் வாங்கிய வாரம் முழுவதும் இவருக்கு இருமல். ஹீரா வீட்டுச் சித்து ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது என்று எவனோ சொன்னதற்காக, தன் மனைவி சம்பா அவித்த சித்துவை நெய்யோடு அப்படியே நகர்த்தி வைத்தார்.

"அவங்க வீட்டுல நெய் சிந்தினா உங்களுக்கு ஏன் வழுக்குது?" என்பாள் சம்பா. அவளுக்குக் கொழுந்தனார் மேல் ஒரு குறையும் கிடையாது. அது இவருக்கு இன்னொரு வயிற்றெரிச்சல்.

ஹீரா தன் தோட்டத்தில் கிழட்டு மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புது ரகம் வைத்ததிலிருந்து, சந்தையில் அவன் பெட்டிகளுக்குத்தான் முதல் ஏலம். ஏலக்காரன் ஹீராவின் பெயரைக் கூவும்போது ஜியா லால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்வார். இந்த நிலையில்தான் அந்த வருடம் அவரும் சுவரை ஒட்டிய தன் அடுக்கில் நோய் பிடித்த பழைய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு, நூறு குழி வெட்டி வைத்தார். வயது ஐம்பத்தெட்டு. இடது முழங்கால் மழைக்கு முன்னாலேயே சொல்லிவிடும். இந்த வயதில் தப்பான மரத்தை வைத்தால் திருத்துவதற்கு இன்னொரு ஆயுள் வேண்டும். சாவதற்குள் ஒரே ஒரு முறை சந்தையில் தன் பெட்டி ஹீராவின் பெட்டியை முந்த வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வேறு வழியில்லாமல் ஹீரா வீட்டுக்கே போனார். ஹீரா அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து அக்ரூட் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணே! அண்ணனுக்கு டீ போடு புள்ள!"

"டீ கெடக்கட்டும். மேலடுக்குக்கு என்ன சொல்லி வெச்சிருக்கே?"

"ஜெரோமைன் அண்ணே. கருஞ்செவப்பு. நாலு வருஷத்துல காய்ச்சிடுமாம். கூட ஒரு இருபத்தஞ்சு மஞ்ச கோல்டன், மகரந்தத்துக்கு. நீங்களும் அதையே வைங்களேன், நம்ம மண்ணுக்கு நல்லா வருது."

ஜியா லால் ஆடிப்போய்விட்டார். பொய்யை எதிர்பார்த்துப் போனவருக்கு முகத்துக்கு நேரே பதில் கிடைத்தால் எப்படி இருக்கும்? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஜீப் ஓட்டுகிறவனிடம் விசாரித்தார், பூச்சிமருந்துக் கடையில் விசாரித்தார். ஜெரோமைன்தான் என்றார்கள்.

"உண்மையச் சொல்லி என்னை ஏமாத்தப் பாத்திருக்கான், பாத்தியா?" என்றார் சம்பாவிடம்.

கேவல் ராமின் நர்சரி ஓடைக்கரையில் இருந்தது. கேவல் சின்னப் பையனாக இருக்கும்போதிருந்து தெரிந்தவன். இப்போது மீசையும் தொப்பையும் வந்துவிட்டது.

"ஜெரோமைன் நூறு" என்றார் ஜியா லால்.

"நூறு குழிதானே பெரியப்பா? அப்ப எழுபத்தஞ்சு செவப்பு, இருபத்தஞ்சு கோல்டன் வெச்சுக்குங்க."

"கோல்டன் ஒண்ணுகூட வேண்டாம்."

கேவல் வாயில் வைத்த பீடியை எடுத்தான். சிவப்பு ஆப்பிளின் பூ தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காது. பக்கத்தில் வேறு ரகம் பூத்து, தேனீ அங்கிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் நாலில் ஒரு குழியை மஞ்சளுக்குத் தாரை வார்க்கிறார்கள். சந்தையில் மஞ்சளைச் சீந்துவாரில்லை. ஜியா லாலின் கணக்கே அதுதான். ஹீரா நாலில் ஒரு குழியைத் தொலைத்துவிட்டு நிற்பான், நம் அடுக்கு முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

"மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்றீங்களே பெரியப்பா!"

"மாப்பிள்ளை சுவருக்கு அந்தாண்ட நிக்கிறான்ல? தேனீக்குச் சுவர் தெரியுமா?"

"ஹீரா சித்தப்பாவோட கோல்டன் எல்லாம் மேலடுக்குல. பூக்கிற நேரத்துல குளிரும் மழையுமா இருந்தா தேனீ அவ்வளவு தூரம் எறங்காது. வெறும் பூவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

"நீ கன்னு விக்கிறவனா, ஜோசியனா?" என்று முன்பணத்தை மேஜையில் வைத்தார். மடியில் ஹீராவின் மகரந்தத்தையே முடிந்துகொண்டு வருவதுபோல் சிரித்துக்கொண்டே மலையேறினார். முழங்கால் வலிக்கவில்லை.

பிப்ரவரியில் பனி உருகி, கேவல் கன்றுகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் நின்றார். ஹீரா வருவதற்குள் நல்லதையெல்லாம் பொறுக்கிவிட வேண்டும் அல்லவா? மண் உதிர்த்த வெறும் வேரும் இலையில்லாத குச்சியுமாகக் கன்றுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு ரகத்துக்கும் தண்டில் ஒரு நிறம் தீற்றியிருந்தது. ஜெரோமைனுக்குச் சிவப்பு, கோல்டனுக்கு மஞ்சள்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேரில் முடிச்சு இருந்தால் தள்ளினார். வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பேன் ஒட்டியிருந்தால் தள்ளினார். சல்லிவேர் நிறைய ஓடிய, ஒட்டுப் போட்ட இடம் வழவழப்பாக ஆறிய கன்றுகளை மட்டும் எடுத்தார். தள்ளியதையெல்லாம் ஹீராவின் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகவும் மறக்கவில்லை. கேவல் அதைப் பார்த்துவிட்டு எடுத்து ஓரமாகப் போட்டான். ஈரப்பாசியும் சாக்கும் சுற்றிய கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வேர் காய்வதற்குள் எல்லாவற்றையும் நட்டார்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி ஜியா லால் கன்றைப் பிடித்துக்கொள்ள, சம்பா மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஹீரா சுவரை ஒட்டி நீளத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். வருடா வருடம் ராஜ்மா போடுகிற நல்ல மண் அது. ஜியா லாலுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என் கன்னு மேல நெழல் விழுறதுக்குன்னே வைக்கிறான்! பஞ்சாயத்தைக் கூட்டுறேன் பாரு!"

தொப்பியை மாட்டிக்கொண்டு சுவரருகே போனவர், குழிக்குப் பக்கத்தில் கிடந்த கன்றுகளைப் பார்த்தார். எல்லாவற்றின் தண்டிலும் மஞ்சள் தீற்றல். அத்தனையும் கோல்டன். அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. வீட்டுக்குள் ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்.

"ராஜ்மா போடுற எடத்துல மஞ்சளை வைக்கிறான்டி! அதுவும் என் சுவரோரமா! பைத்தியக்காரன் எனக்கு மாப்பிள்ளை வீட்டாரை வாசலுக்கே கூட்டிட்டு வந்துட்டான்!"

"அவருக்குப் பைத்தியம்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள் சம்பா. இவர் கேட்கிற நிலையில் இல்லை.

நாலாம் வருடம் மரங்கள் முழுதாகப் பூத்தன. பூத்த அன்றே மழை பிடித்தது. ஏப்ரல் மாதம் டிசம்பர் மாதிரி குளிர்ந்தது. வாடகைக்கு வைத்த தேன்பெட்டிகளிலிருந்து தேனீக்கள் வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டன. எப்போதாவது அரைமணி வெயில் வரும். அப்போது வெளியே வந்தவை பக்கத்து மரத்துக்கு மேல் போகவில்லை. தரோட்டில் பாதித் தோட்டங்களில் பூ உதிர்ந்து காம்புதான் மிஞ்சியது. ஹீராவின் மேலடுக்கில்கூட, கோல்டன் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதால், காய் சுமார்தான். ஜியா லாலின் அடுக்கில் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து மஞ்சள் வரிசை கைக்கெட்டும் தூரத்தில் பூத்து நின்றதே!

அந்த வருடம் சந்தையில் முதல் ஏலம் ஜியா லாலின் பெட்டிக்கு. ஏலக்காரன் பெயரைக் கூவினான். இவர் குனியவில்லை. கூட்டத்தில் ஹீரா எங்கே என்று கழுத்தை நீட்டித் தேடினார். ஹீரா ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

"அண்ணே! கெலிச்சுட்டீங்களே! சொன்னேன்ல, நம்ம மண்ணுக்கு வரும்னு!"

ஜியா லால் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அது துளிக்கூடக் கறுக்கவில்லை. பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நாள் வந்தும், வர வேண்டியது வராத மாதிரி இருந்தது. வாங்கிய லட்டுப் பெட்டியைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஆனாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். அடுத்து கீழடுக்குக்கும் சொல்லி வைக்க கேவலிடம் போனார்.

"ஜெரோமைன் நூறு. கோல்டன் ஒண்ணுகூட வேண்டாம். என்ன ஜோசியரே, மாப்பிள்ளை இல்லாமலே புள்ள பொறந்துச்சு, பாத்தியா?"

கேவல் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. "யாரோட புத்தியில பெரியப்பா?"

"என்னடா?"

"சொல்லக் கூடாதுன்னாரு. நாலு வருஷம் ஆச்சு, இனிமே என்ன. அன்னிக்கு நீங்க முன்பணம் கட்டிட்டுப் போன மறுநாளே ஹீரா சித்தப்பா வந்தாரு. அண்ணன் எத்தனை கோல்டன் எடுத்தாருன்னு கேட்டாரு. ஒண்ணுகூட இல்லைன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு, 'சுவரோரம் வைக்க எனக்கு இன்னும் முப்பது குடு'ன்னாரு. உங்களுக்குத்தான் வேணுங்கிற அளவு இருக்கே சித்தப்பான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

கேவல் தலையைச் சொறிந்தான்.

"சொல்லுடா!"

"'எனக்கில்லடா, அண்ணனுக்கு. அவர் மரம் காய்க்கலேன்னா அவர் கண்ணு பொழுதன்னிக்கும் என் மரத்து மேலதான் இருக்கும். ஆலங்கட்டிக்கு வலை கட்டலாம். அண்ணன் கண்ணுக்கு எந்த வலையைக் கட்டுறது?'ன்னாரு."

சொல்லிவிட்டுக் கேவல் சிரித்தான். எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்தக் கண்ணடி தன்னுடையது என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்க நேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்? ஜியா லாலுக்குக் காது சூடேறியது. முதலில் வந்தது வெட்கம். திருடித் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவனோ தட்டில் வைத்துத் தள்ளியிருக்கிறான். இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் மூடி வைத்ததாக நினைத்த எரிச்சல் ஹீராவுக்குத் தெரியும், கேவலுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். வெட்கம் அடங்கியதும் பழைய நெருப்பு இன்னும் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. நல்ல ராஜ்மா நிலத்தை இன்னொருவனுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, அதைச் சொல்லிக்காட்டாமல் நாலு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறானே! அந்த மனசும் அவனுக்கே வாய்க்க வேண்டுமா?

"கோல்டன் எத்தனை இருக்கு?" என்றார்.

"எத்தனை வேணும் பெரியப்பா?"

"அவன் முப்பதுதானே வெச்சான்? எனக்கு அறுபது குடு. அவன் மேலடுக்குக்கு ஒட்டினாப்பல என் புல்லுத் துண்டு இருக்கு. அங்க வைக்கிறேன். இந்த வருஷம் அவனுக்கு அங்கதானே காய் கம்மி? இனிமே அவன் மரம் காய்ச்சா அது என்னாலதான் காய்க்கணும்."

"அது நல்ல புல்லாச்சே. மாட்டுக்கு?"

"வெலைக்கு வாங்குறேன். உனக்கென்ன?"

"சரி சரி. சித்தப்பா மத்தியானம் இந்தப் பக்கம் வருவாரு. சொல்லிடட்டுமா?"

"சொல்லு! வந்த உடனே சொல்லு. உன் அண்ணன் உனக்காக அறுபது வைக்கிறார்னு நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்விட்டார்.

"சந்தோஷப்படுவாரு பெரியப்பா" என்றான் கேவல் பின்னாலிருந்து. "எங்க அண்ணன் மாதிரி உண்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."

ஜியா லால் நின்றார். பல் அத்தனையும் தெரிய ஹீரா சிரிக்கிற சிரிப்பு கண்முன்னால் வந்து நின்றது. அதைத் தாங்க அவரால் ஆகாது.

"கேவல்."

"பெரியப்பா?"

"அவன்கிட்ட சொல்லாதே. கேட்டா, புல்லு சரியா வரலே, அதான் வைக்கிறாருன்னு சொல்லு. அந்தச் சந்தோஷம் அவனுக்குக் கெடைக்கக் கூடாது."