கடலடி நகரத்தில் அப்பா

2001இல் தங்கச் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி பூமிக்கடியில் வேலை பார்த்தவர், மாரிகுப்பத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அம்மா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்தாள். விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

நான் பியூசி படித்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த மாயாஜால நாவல் ஒன்றில் மூழ்கியிருந்த ஒரு சாயங்காலம் அப்பா, "இன்னா படிக்கிற? சத்தமா படி, நானும் கேக்கறேன்" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது.

கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு நகரத்தின் கதை அது. அங்கே யாருக்கும் வயதாகாது. அப்பா என் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணி உள்ள வராம எப்பிடி நிக்குது?"

"மந்திரத்தால."

சரி என்று ஒப்புக்கொண்டார். சுரங்கத்தின் எந்த லெவலில் எப்போது தண்ணீர் புகுமோ என்று பயந்தே காலம் கழித்த மனிதர்.

நாவல் முடிந்தும் அவர் விடவில்லை. நானே புனைந்து சொல்ல ஆரம்பித்தேன். நகரத்துக்குத் தெருக்கள் வைத்தேன், அதை ஆண்ட ராணிக்கு ஒரு தங்கையைக் கொடுத்தேன். நான் காலேஜிலிருந்து வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார். அவர் எனக்காகக் காத்து நின்றது அந்த மாதங்களில் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். ராணி ஒரு மூடிய கதவின் முன் நிற்கும் இடம்வரை கதை வந்திருந்தது. அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த மாமா ஒருவர் கதவைத் தட்டினார். அப்பா திரைக்குப் பின்னாலிருந்து, இல்லையென்று சொல் என்று கையை ஆட்டினார்.

"வெளிய போயிருக்காரு மாமா."

"பெங்களூர்ல வாட்ச்மேன் வேல கீதும்மா. ரெண்டு பேரு வேணும்னு கேக்கறாங்க. வந்தா ஸ்டேஷனாண்ட வரச் சொல்லு."

அவர் போனதும் அப்பா கேட்டார்: "ராணி கதவத் தெறந்தாளா?"

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. மறுநாள் ரயிலில் மாமாவே, திரைக்கடியில் அப்பாவின் காலைப் பார்த்தது உட்பட, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வூட்ல இருந்துக்கினே இல்லன்னு சொல்ல வெச்சீங்களா?"

"கத நடுவுல இருந்துச்சி."

அம்மா பையைக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம், "காலேஜ் போதும். அடுத்த வாரத்துலருந்து எங்கூட வா" என்றாள்.

அப்பா தடுப்பார் என்று காத்திருந்தேன்.

"அப்போ மீதிக் கதய யாரு சொல்றது?" என்றார்.

சில வருஷங்கள் சட்டைக் காலர் தைத்தேன். நான் வேலை முடிந்து வந்ததும் அப்பா கதை கேட்கக் கட்டிலில் எழுந்து உட்காருவார். தூக்கம் வருகிறது என்பேன், பொய்யில்லை. அவர் கடைசிவரை எந்த வேலைக்கும் போகவில்லை.

இப்போது நானும் கதை எழுதுகிறேன். இல்லாத உலகங்கள் மனிதர்களை ஏன் இப்படி இழுக்கின்றன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். கதை கேட்ட நாட்களில் அப்பாவின் முகம் எவ்வளவு தெளிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் அந்தக் கடலடி நகரத்தில் குடியிருந்தார். அம்மாவும் நானும் ரயிலில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போய் வந்தோம்.