சூன் என்றால் உடனே

என் அக்காவின் கணவர் மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு உத்திரமேரூர் பஜாரில் பாய் ஒருவர் நடத்திய எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் செய்வார். அக்காவும் நானும் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் பெஞ்சில் காத்திருப்போம். அக்காவின் பெண் குழந்தை என் மடியில் தூங்கும்.

"எப்ப வர்றீங்க?" என்பாள் அக்கா.

"சூன்மா, சூன்" என்பார் மாமா.

'சீக்கிரம்' என்பதற்கான அந்த இங்கிலீஷ் வார்த்தையை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். லீவு கேட்டால் மானேஜர் "சூன்" என்பாராம். மாமா அதை அப்படியே எங்களுக்கு அனுப்பிவிடுவார். தீபாவளிகள் போயின. குழந்தை பேச ஆரம்பித்து, எந்த ஃபோனைப் பார்த்தாலும் "அப்பா" என்றது.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் லைப்ரரியில் தடித்த அகராதி ஒன்றில் அந்த வார்த்தையைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடனே' என்றுதான் பொருளாம். சொன்னவர்கள் தாமதித்துக்கொண்டே இருந்ததில் அது மெல்ல மெல்ல 'கொஞ்ச நாளில்' என்று ஆகிவிட்டதாம்.

அக்கா சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப இங்கிலீஷ்காரன் ஊர்லயும் சொன்னவன் எவனும் சொன்னபடி வர்ல போல கீது" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வழக்கம்போல "சூன்" என்றார்.

"அது பழைய சூனா, புது சூனா?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னாம்மா சொல்ற?"

"தேதி இருந்தா ஃபோன் பண்ணுங்க. இல்லன்னா வேணாம். குழந்தைய தூக்கிக்கினு பஸ்ஸுல அலைய முடியல."

ரிசீவரை வைத்துவிட்டாள். பாய் தலை நிமிராமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்த பக்கத்தையே படித்தார்.

அதன்பிறகு நாங்கள் போகவில்லை. அக்கா வெள்ளிக்கிழமைகளில் களையெடுக்கப் போனாள். பஸ் சத்தம் கேட்டால் மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பாள். ஒருநாள் சாயங்காலம் டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் தெருவில் இறங்கி, "பாய் சொல்லச் சொன்னார். உங்க வூட்டுக்காரர் தேதி சொல்லிட்டாராம்" என்றார்.

சொன்ன தேதியில் மாமா வந்தார். குழந்தை என் பின்னால் ஒளிந்துகொண்டது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"மானேஜர்கிட்ட தேதி குடுன்னு நின்னுட்டேன். குடுத்துட்டான். அந்தத் தேதியோட வேலையும் முடிஞ்சிதுன்னுட்டான்."

அக்கா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"கை கால் கழுவிக்கினு வாங்க" என்றாள். "கொழம்பு ஆறுது."