வாசமில்லாத டிரம்

அவள் கணவருக்குத் தெரு வைத்த பெயர் பொறியாளர். பட்டம் வாங்கியதால் வந்த பெயர் அல்ல. அவருடைய வெல்டிங் பட்டறையில் விடிந்ததிலிருந்து பொறி பறந்துகொண்டே இருந்ததால் வந்தது. ஒரு மத்தியானம் காலி டிரம் ஒன்றின் மூடியை கேஸ் கட்டரால் வெட்டப் போனார். டிரம் வெடித்தது. இரண்டு கண்களும் போயின. முகத்தோல் வெந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

பட்டறை பூட்டியே கிடந்தால் அடுப்பையும் பூட்ட வேண்டியதுதான். வேறு வழி தெரியாமல் அவளே வெல்டிங் வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். அவளை அக்கா என்றார்கள். யார் வீட்டு அக்கா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதல் நாள் வாத்தியார் யார் கையிலும் வெல்டிங் ராடு கொடுக்கவில்லை.

"நைலான் துணி போடாதீங்க, உருகித் தோலோட ஒட்டிக்கும். பேன்ட் காலை மடிச்சு விடாதீங்க, பொறி உள்ள போய் உக்காந்துக்கும். ஈரக் கையோட ராடு மாத்தாதீங்க. இதெல்லாம் பெரிய வித்தை இல்ல. மண்டையில கொஞ்சம் மூளை இருந்தா போதும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மூளை இல்லாட்டி என்ன ஆகும்? பொறியாளர்னு ஒருத்தன், பெட்ரோல் டிரம்முல கட்டரை வெச்சான். இப்ப கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணிட்டிருக்கான்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் மடியிலிருந்த வெல்டிங் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணும் பத்தவைக்கலையேக்கா" என்றாள் பக்கத்திலிருந்த பெண். அதற்கும் ஒரு சிரிப்பு. கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார், "என்ன சொல்லிக்குடுத்தாரு?"

துணி, பேன்ட் கால், ஈரக் கை என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"டிரம் பத்தி?"

மென்று முழுங்கப் பார்த்தாள். அவரிடம் அது நடக்காது.

"சொன்னாரு. உங்க பேரச் சொல்லித்தான். மூளையில்லாதவன்னு."

அவர் கையிலிருந்த டம்ளரைத் தரையைத் தடவி வைத்தார்.

"தண்ணி டிரம்னுதான் குடுத்தாங்க. நானும் திறந்து மோந்து பாத்தேன், வாசமே இல்ல. வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவினேன், காஞ்சு கிடந்துச்சு. அதுக்கு மேல மூளை என்ன செய்யும்? தகட்டு மடிப்புல ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு சூடு பட்டதும் ஆவியாகி வெடிச்சிடுச்சுன்னு அப்புறம் தீயணைப்புக்காரர் சொன்னாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக அவளும் மனசுக்குள் அவரை அவசரக்குடுக்கை என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள்கூட என்ன நடந்தது என்று கேட்டதில்லை.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், மோந்து பாத்து வாசம் இல்லன்னா டிரம்மை வெட்டலாமா?"

"வாசம் இல்லன்னா ஒண்ணும் இருக்காதும்மா."

"காஞ்சும் கிடந்தா?"

"அப்புறம் என்ன பயம்? தாராளமா வெட்டலாம்."

"என் வீட்டுக்காரரும் அப்படி நினைச்சுத்தான் சார் வெட்டினாரு. நேத்து நீங்க சொன்னீங்களே, அந்தப் பொறியாளர்."

வாத்தியாரின் முகம் வெளிறிப் போனது. அன்றைக்கு வகுப்பு பாதியில் முடிந்தது.

விடுமுறையன்று வாத்தியார் அவள் வீடு தேடி வந்தார். வாசலில் நின்றபடியே கணவரின் வெந்த முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"யாரு?" என்றார் கணவர்.

"எங்க வாத்தியாரு" என்றாள் அவள்.

"உக்காருங்க சார்."

வாத்தியார் உட்காரவில்லை. "தெரியாமப் பேசிட்டேங்க" என்றார்.

"நானும் தெரியாமத்தான் வெட்டினேன்" என்றார் கணவர். அதில் கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை.

வாத்தியார் போன பிறகு கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. அவள் தட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பட்டறைக்குப் போய், விபத்துக்குப் பிறகு திறக்காமல் துருப்பிடித்திருந்த பூட்டுக்கு எண்ணெய் விட்டாள்.