திருப்பிப் போட்ட தொப்பி

அமெரிக்க ஹிப்ஹொப் பாடகர்கள் எல்லோரும் தொழப் புறப்பட்டவர்கள் என்பது எனக்குப் பளிச்சென்று பட்டபோது எனக்குப் பத்து வயது. கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த சின்ன மாமாவின் போனில் ஒரு கூட்டம் கைவீசிப் பாடிக்கொண்டிருந்தது. தலைக்குத் தலை தொப்பி. தொப்பியின் சொண்டு பின்பக்கம். ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் எங்கள் வாப்பாவும் வெயிலுக்குப் போட்ட தொப்பியை நடுப்பகல் லுஹர் தொழ நிற்கும்போது அப்படித்தான் திருப்பிக்கொள்வார். சுஜூதில் நெற்றி நிலத்தில் பட வேண்டுமே. வேறெதற்கு ஒரு மனிதன் தொப்பியைத் திருப்புவான்?

வாப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பிள்ளை கேட்கிற பாட்டா இது, அழித்துவிடு என்று மாமாவிடம் சொன்னார். மாமாவின் துணிச்சலெல்லாம் கட்டாரில்தான், உடனே தலையாட்டினார். அந்தத் தாளம் போனால் மறுபடி எனக்குக் கிடைக்காது. குறுக்கே போய் நின்றேன்.

"வாப்பா, அவங்க தொழப் போறாங்க. தொப்பியப் பாருங்க."

வாப்பா பார்த்தார். "அப்ப இவன்ட காதில கடுக்கன்?"

"அதப் பள்ளி வாசலில கழட்டுவான்."

குசினிக்குள் உம்மா சிரித்தது கேட்டது. வாப்பா சிரிக்கவில்லை.

"சரி மகள். இவன் என்ன சொல்லுறான் எண்டு ஜும்ஆவுக்குப் பிறகு எனக்குச் சொல்லு. நல்லதெண்டா இரிக்கட்டும்."

பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஆள் பாடிய வேகத்தில் எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: தெரு, அம்மா. மாமாவிடம் கேட்டால், தனக்குத் தலையாட்டத்தான் தெரியும் என்றார். சரி, அவனுக்குத் தெருவும் உம்மாவும் இருந்தால் எனக்கும் இருக்கிறதே. மிச்சத்தை நானே கட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, மாமாவின் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தொடையில் தாளம் தட்டிச் சொன்னேன்:

"துறைமுக வாயில மண்ணு மண்ணு
தூங்கல்ல உம்மாட ரெண்டு கண்ணு
கரைய எல்லாம் கடலு திண்டது
கதைக்கப் போனா ஆரு நிண்டது"

வாப்பா மாமாவின் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அமெரிக்காவிலயும் துறைமுகத்த மண் மூடுதா?"

"ஓம் வாப்பா."

"பாவம், அவனுகளும் கஷ்டப்படுறானுகள்" என்று மாமாவிடம் போனை நீட்டினார். பாட்டு தப்பியது.

அமெரிக்காக்காரனுக்காக வாப்பா இரங்குகிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இதைத்தான் தேடித் தேடி வாசிக்கிறேன். கைவிடப்பட்ட தெருக்களில் பிறந்த இந்தப் பாட்டு, அமெரிக்காவின் உடுப்பை, விளம்பரத்தை, விளையாட்டை, பேச்சையே மாற்றிவிட்டிருக்கிறது. அந்தத் தொப்பி தொழுகைக்கானதல்ல என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர்களில் தொழுகிறவர்களும் பலர் இருப்பதை வாப்பாவுக்குச் சொல்லாமல் விடவில்லை. ஒன்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை வாப்பாவின் படகு மண்ணில் சிக்கிக் கிடந்தது. முதல் வரியிலேயே அது யாருடைய பாட்டென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

துறைமுகத்தில் இன்னும் மண் அள்ளவில்லை. அடுத்த மாதம் படகுக்காரர்கள் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். ஐந்து நிமிடம் மைக் கேட்டிருக்கிறேன். பொம்பிளப்பிள்ளை எப்படி என்று சங்கத் தலைவர் இழுக்கிறார். இழுக்கட்டும். நான்கு வரி இப்போது நாற்பதாகியிருக்கிறது. முக்காட்டுக்கு மேலே போட ஒரு தொப்பிதான் பாக்கி. அதை வாப்பாவிடம் கேட்கப்போகிறேன்.