நகல் எடுக்காத பகல்

எட்டு ஃப்ளாப்பிகளைக் கையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபரேட்டர் என் மேசைக்கு முன்னால் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. "ஒரு மணி நேரம் குடுங்க சார். காப்பி எடுத்து வச்சிக்கிறேன், அப்புறம் பண்ணலாம்" என்றார். காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயிகள் கரும்பு வெட்ட உத்தரவு கேட்டுக் கூட்டமாக நின்றார்கள். "அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் அப்போது நான் கணினிப் பிரிவுக்கு அலுவலர். பிரிவு என்றால் ஒரு குளிர்பதன அறை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், நான், ஆபரேட்டர், அவ்வளவுதான். அவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊரைச் சேர்ந்த பெண். டைப்பிங் படித்து, மலைச்சாதி ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். கணினியோடு வந்த தடித்த ஆங்கிலக் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தவர் அந்த ஆலையில் அவர் ஒருவர்தான். நான் கூடப் படிக்கவில்லை.

அவை இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த ஆண்டுகள். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுவிடுவார்கள். கரும்பு லாரிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்ன தேதியில் இன்னார் வெட்டலாம் என்று நாங்கள் அச்சடித்துக் கொடுத்த உத்தரவுகளை ரத்து செய்து, வேறு தேதி போட்டு, மறுபடி மறியல் வந்தால் அதையும் ரத்து செய்வோம். சில மாதங்களில் கணினி நடை தளர்ந்த கிழவனைப் போல ஆகிவிட்டது. ஒரு விவசாயியின் பதிவைத் தேடச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம். ஹார்ட் டிஸ்க்கிலும் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. இயந்திரம் பழசாகிவிட்டது, புதிது வேண்டும் என்று மேலாளருக்கு எழுதினேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஆபரேட்டர்தான். "நாம அழிக்கிறது எதுவும் போவல சார். ஒரு அடையாளம் மட்டும் போட்டுட்டு அங்கியேதான் வச்சிக்கினு இருக்குது. செத்தவங்க பேரையும் சேத்துக் கூப்ட்டு ஆஜர் எடுக்கிறா மாதிரி, எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் நம்ம ஆளத் தேடுது" என்றார். அந்த மென்பொருள் அப்படித்தான். ரத்தான வரிகள் அட்டவணைக்குள்ளேயே கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அவற்றை நீக்கி, மிச்சத்தை நெருக்கி எழுத 'பேக்' என்று ஒரு கட்டளை உண்டு. முடிந்தால் கோப்பு சுருங்கும், தேடலும் வேகமாகும். கையேட்டில் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். கூடவே அதன் அடியில் இருந்த எச்சரிக்கையையும் காட்டினார்: வேலை பாதியில் நின்றால் பழையதும் மிஞ்சாது, புதியதும் மிஞ்சாது. நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது என்னை உறுத்தியது என்று இப்போது சொல்ல முடிகிறது.

அவர் ஃப்ளாப்பிகளோடு வந்து நின்ற அன்று, சாலை திறந்து மூன்றாம் நாள். அடுத்த மறியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரும்பு பூத்து, காய்ந்து எடை இழந்துகொண்டிருந்தது. அதற்குள் எல்லாருக்கும் உத்தரவு கொடுத்தாக வேண்டும் என்று மேலாளர் இண்டர்காமில் கத்திக்கொண்டிருந்தார். நான் கட்டளையைத் தட்டினேன். திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. பாதிகூட ஓடியிருக்காது, மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை, மறியலில் உளுந்தூர்பேட்டையில் மாட்டிய டீசல் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. மின்சாரம் திரும்பியபோது அந்தக் கோப்பு திறக்கவில்லை. அந்தப் பருவத்தின் பதிவுகள் மொத்தமும் அதில்தான் இருந்தன.

மேலாளரும் கரும்பு அலுவலரும் அறைக்கு வந்தார்கள். "யாரு பண்ணது?" என்று மேலாளர் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே கரும்பு அலுவலர் ஆபரேட்டரைப் பார்த்து, "வேற யாரு? கோட்டாவுல வர்றவங்களுக்கு மிஷினக் குடுத்தா இன்னா ஆவும்?" என்றார். ஒரே ஒரு சொல் போதும், நான்தான் என்று. சொல்லவில்லை. என் சொந்தக்காரர்களே அப்போது ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அது நியாயம் என்று கேன்டீனில் உரக்கப் பேசியவன் நான். ஆபரேட்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேலாளரிடம், "ரிஜிஸ்டருங்களக் குடுங்க சார். நானே திரும்ப ஏத்திக் குடுத்துடறேன்" என்றார்.

ஒன்பது நாள் உட்கார்ந்து அத்தனையையும் ஏற்றினார். ஒவ்வொரு நாளும் நகல் எடுத்து, ஃப்ளாப்பி மேல் தேதி எழுதி என் மேசையில் வைத்தார். ரத்தானவற்றை ஏற்றவில்லை என்பதால் புதிய அட்டவணை சிறியதாக இருந்தது. தேடினால் உடனே வந்தது. மேலாளர் என் தோளில் தட்டிப் பாராட்டினார். அடுத்த வாரம் ஆபரேட்டரை எடைமேடைக்குச் சீட்டு எழுத மாற்றினார்கள். இரண்டு மாதம் வந்தார். பிறகு வரவில்லை.

ஓய்வு பெற்ற பின், போன ஆண்டுதான் தைரியம் வந்தது. விசாரித்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஆபரேட்டருக்குத் தலை நரைத்திருந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சார், நம்ம வூடுதான், உக்காருங்க" என்றார். வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மகள் டீ கொண்டுவந்தாள். "இவருதான் எங்க ஆபீசர்" என்று அவளிடம் என்னைக் காட்டினார். வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, "அந்த விஷயத்துல நான்..." என்று தொடங்கினேன்.

"டீ ஆறுது, குடிங்க சார்" என்றார்.

மகள் உற்சாகமாகச் சொன்னாள்: "அம்மா எப்பவும் சொல்லிக்கினே இருக்கும் சார். ரோட்டுல மரம் வெட்டிப் போட்டுட்டாங்க, பஸ்ஸு இல்ல, வேலைக்குப் போவ முடியாம வுட்டுட்டேன்னு. இல்லன்னா இந்நேரம் பெரிய ஆபீசரா ஆயிருக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆபரேட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்டித்தான சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன், மகளைப் பார்த்து. "அந்த வருஷம் பஸ்ஸே ஓடல."